வேம்பு சூடிய வேலும் வேம்பு செருகிய மனையும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவம் என்னும் செயலை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் ஆகிய நான்கும் கூடியவிடத்தே மருத்துவம் நிறைவுறும் என்பது வள்ளுவர் துணிபு. இந்நான்கனையும் தனித்தனியே விரித்துரைக்கும் பரிமேலழகர், நோயுற்றவனுக்கு வேண்டும் இயல்புகளுள் ஒன்றாக, தன் நோய்நிலையை மருத்துவனுக்கு உணர்த்தும் ஆற்றலைக் குறிப்பிடுகின்றார். மருந்து சரியாக அமைய வேண்டுமாயின் நோயுற்றவன் வாய்திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லாதவிடத்து மருத்துவனின் கல்வி பாதி பயனற்றுப் போகும். உரையாசிரியர் கண்ட இச்சிறு நுட்பத்திலே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது.

இன்றைய அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வள்ளுவர் எண்ணாத ஐந்தாமவர் ஒருவர் நிற்கின்றார். அவர் காவலர். பெரிய மருத்துவமனைகளில் அவர்க்கென ஒரு சாவடியே உண்டு. சிறிய மருத்துவமனைகளில் அழைப்பின்பேரில் வந்து நிற்பார். வெட்டுண்டவர், அடியுண்டவர், சாலையில் மோதுண்டவர் ஆகியோர் கட்டிலுக்கு வரும்பொழுது இந்த ஐந்தாமவரும் உடன் வருகின்றார். அவர் வரவேண்டிய தேவை உண்டா, உண்டெனின் எவ்வளவு தூரம் வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்னும் வினாக்கள் சட்டம் பயின்றோர்க்கு மட்டும் உரியன அல்ல. புண்பட்டவனைச் சூழ்ந்து நிற்கத் தக்கவர் யார், தகாதவர் யார் என்பதைப் பழந்தமிழ் இலக்கியம் மிக விரிவாகவே எண்ணிப் பார்த்துள்ளது.

தொல்காப்பியம் கண்ட இரண்டு துறைகள்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளை அடுக்கிச் செல்லுமிடத்துப் புண்பட்டவனைப் பற்றிய இரண்டு துறைகளை வைத்துள்ளது. காத்து நிற்கும் சுற்றத்தார் இல்லாத புண்பட்டவனைப் பேயே காத்து நிற்பது ஒன்று. மனைவி அருகிருந்து, பேய் நெருங்காதவாறு விலக்கிப் புண்பட்டவனைக் காப்பது மற்றொன்று. பின்னதற்குத் தொடாக்காஞ்சி என்பது பெயர். தொடாமை என்னும் சொல்லே அத்துறையின் பெயராகிவிட்டது. புண்பட்ட உடலைத் தொடுதற்கு உரிமையுடையார் உளர், உரிமையில்லாரும் உளர் என்பதும், உரிமையில்லாரைத் தடுத்து நிறுத்த வாயிலில் ஒருவர் நிற்றல் வேண்டும் என்பதும் அப்பெயரிலேயே புலனாகும்.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் இக்காட்சியைக் கண்முன் நிறுத்துகின்றார். புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் இரவ மரத்தின் தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. ஐயவி என்னும் வெண்சிறுகடுகு சிதறப்படுகின்றது. குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிப் பெண்டிர் அவனைக் காக்க முற்படுகின்றனர். இவற்றுள் மருத்துவப் பயனுடையன எவை, நம்பிக்கை மட்டுமே எவை என ஆராய்வது வேறு. புண்பட்டவனைச் சுற்றி ஓர் எல்லை வரையப்படுகின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வெல்லைக்குள் அன்புடையோரே இருப்பர். வேப்பந்தழை அவ்வெல்லையின் அடையாளம்.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணுதற்குரியது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. பாசறையில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில், துயில் கொள்ளாத அரசன் புண்பட்ட வீரரைக் காண வெளியே வருகின்றான். விளக்குகள் முன்செல்கின்றன. வேப்பந்தழை சூட்டிய வேலை ஏந்தியவன் புண்பட்டோரை ஒவ்வொருவராகக் காட்டி வருகின்றான். அதிகாரம் காயத்தின் அருகே பரிவோடு வந்து நின்றதற்குத் தமிழில் இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. ஆயினும் இக்காட்சியே அந்நூலின் பெரிய இலக்கணச் சிக்கலுக்கும் காரணமாயிற்று. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. வேலிற் சூட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ ஆதலின், தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது. ஆகவே பிரிவைப் பாடும் அப்பாட்டை அகமெனக் கொள்ளாது புறமெனக் கொண்டார் நச்சினார்க்கினியர். நூற்றெண்பத்தெட்டு அடிகளுள் ஓர் அடையாளம் பாட்டின் திணையையே மாற்றிவிட்டது.

புண்பட்டவன் மனையில் செருகிய வேம்பும் அரசனுடைய வேலிற் சூடிய வேம்பும் ஒரே மரத்தின் தழைகளே. முன்னது அவனை உலகத்தின் பார்வையினின்றும் மறைத்துக் காக்கின்றது. பின்னது எவ்வளவு பரிவோடு வந்தாலும் அவ்விடத்தை அரசின் இடமாக்கி, அகத்தைப் புறமாக்கிவிடுகின்றது. மருத்துவமனைக் கட்டிலருகே ஒரு சீருடை வந்து நிற்கும்பொழுது நிகழ்வதும் இத்தகையதே. அதனை அணிந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அதுவரை மருத்துவனுக்கும் நோயாளிக்கும் இடையே அகமாக இருந்த பேச்சு, அக்கணமே வாக்குமூலமாகி விடுகின்றது.

காவலரைப் பேயோடு ஒப்பிடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. சுற்றத்தார் இல்லாதவனைப் பேயே காக்கும் என்று தொல்காப்பியம் சொல்லுமிடத்து உள்ள கொடுந்துயரமே எண்ணத்தக்கது. துணையற்றவனின் கட்டிலருகே, அவனால் வேண்டப்படாதோரே துணையாக நிற்க நேர்கின்றது.

கெர்லிங்கிலிருந்து பார்க்கும்போது

உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பழைய பெருஞ்சாலையில், கோல குபு பாருவுக்கும் களும்பாங்குக்கும் இடைப்பட்ட சிற்றூர் கெர்லிங். இரப்பரால் வளர்ந்து, செம்பனைக்கு மாறி, தோட்டங்கள் துண்டாடப்படுவதையும் கண்ட ஊர் அது. அங்கும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கடுங்காயம் பட்டவர்க்கு அடுத்துள்ள அரசு மருத்துவமனை கோல குபு பாருவில் இருப்பதே. மேற்கே கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் உள்ளோர் தஞ்சோங் காராங் மருத்துவமனையை நாடுவர். நிலை பெரியதாயின் இரு திறத்தாரும் சுங்கை பூலோவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பப்படுவர்.

நகரத்து மருத்துவமனையில் நோயாளி ஓர் எண். சிற்றூர் மருத்துவமனையிலோ அவன் இன்னார் மகன், இன்ன தோட்டத்தான். மருந்து வாங்க வரிசையில் நிற்பவர் அவனுடைய அண்டைவீட்டாராக இருப்பார். படுக்கையைச் சுற்றித் தொங்கும் திரைச்சீலை உடலை மறைக்கும். குரலை அது மறைப்பதில்லை. எப்படிப் பட்டது, யார் அடித்தது, குடித்திருந்தாயா என்று காவலர் கேட்கும் கேள்விகளும், நோயாளி முனகிச் சொல்லும் விடைகளும் அடுத்த கட்டிலைக் கடந்து, பேருந்து நிறுத்தம்வரை சென்றுவிடும். மலாய் மொழியில் கேட்கப்படுவதை விளங்கிக்கொள்ள இயலாத முதியவள் ஒருத்திக்கு உறவினனே மொழிபெயர்ப்பாளனாக நின்றால், அவளை அடித்தவனும் அதே குடும்பத்தவனாயின், அவள் என்ன சொல்வாள்? வழுக்கி விழுந்தேன் என்பாள். மருத்துவரும் அதனையே எழுதுவார். பரிமேலழகர் வேண்டிய, நோய்நிலையை உணர்த்தும் ஆற்றல் அங்கே செயலற்றுப் போகின்றது.

தோட்ட வாழ்வில் இந்நிலை புதியதன்று. தோட்ட மருத்துவமனை தோன்றிய காலந்தொட்டே அங்கு அகம் என ஒன்று இருந்ததில்லை. மருந்து கொடுக்கும் டிரெசர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். இன்று வேலைக்கு ஏற்றவன் யார், ஏலாதவன் யார் என்று தீர்மானித்து அலுவலகத்துக்குச் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. வெட்டுக்காயம் மரத்தில் வழுக்கியதால் வந்ததா, மண்டோரோடு நேர்ந்த சச்சரவால் வந்ததா என்பதைத் தொழிலாளி டிரெசரிடம் சொன்னால், அது கிராணி வழியாகத் துரையின் மேசைக்குச் செல்லும் என்பதை அவன் அறிவான். எனவே சொல்லாதிருக்கப் பழகினான். மருத்துவனுக்கும் அதிகாரத்துக்கும் இடையே சுவரில்லாத ஓரிடத்தில் மூன்று தலைமுறைகள் நோயுற்று எழுந்துள்ளன. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு, துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவை ஒழித்தல் ஆகியவற்றோடு மருத்துவ வசதியும் இடம்பெற்றிருந்தமை தற்செயலன்று. தலைவர் ஆர். எச். நாதன் கைதானதும் படை வரவழைக்கப்பட்டதும், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்ததும் அப்போராட்டத்தின் முடிவு.

பின்னர் வந்த அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. கெர்லிங்கைச் சூழ்ந்த மலையடிவாரம் அக்காலத்தின் கொடுமையை நேரிற் கண்டது. 1948 டிசம்பரில் பத்தாங் காலிக்கு அருகே தோட்டமொன்றில் 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1951 அக்டோபரில் கோல குபுவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் ஆங்கில உயர் ஆணையர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டார். உணவும் மருந்தும் காட்டுக்குள் சென்றுவிடாதபடி தடுக்கும் ஆணைகள் நடைமுறையில் இருந்த காலம் அது. மருந்து கொண்டு செல்வதே ஐயத்துக்கு இடமாகும் காலத்தில், காயத்தை மறைக்கும் பழக்கம் மக்களின் குருதியில் ஊறிவிடுகின்றது. ஆணைகள் நீங்கிய பின்னும் அச்சம் நீங்குவதில்லை.

காவலர் தரப்பின் நியாயம்

நடுநிலை நின்று நோக்குவார்க்குக் காவலர் வருகையில் நியாயம் இல்லை எனக் கூறல் இயலாது. கொலைமுயற்சியில் வெட்டுண்டவன் உயிர்பிரியும் முன் சொல்லும் சொற்கள், பின்னர் வழக்கில் பெருஞ்சான்றாகும். மரண வாக்குமூலத்தை ஏற்பதற்கு 1950ஆம் ஆண்டின் மலேசியச் சாட்சியச் சட்டம் 32ஆம் பிரிவில் இடந்தந்துள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குறித்த சில குற்றங்களைப் பற்றி அறிந்தோர் காவல்துறைக்கு அறிவித்தல் கடமை என்கின்றது. 112ஆம் பிரிவு, வழக்கைப் பற்றி அறிந்தவரை வினவிப் பதிவுசெய்யும் அதிகாரத்தைக் காவலர்க்கு அளிக்கின்றது. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் வினாக்களுக்கு விடை கூறாதிருக்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. குருதி தோய்ந்த ஆடை குப்பைக்குப் போனால் சான்றும் உடன் போய்விடும். அடித்தவனே மருத்துவமனைக்குள் வந்து மீண்டும் தாக்கினால் தடுப்பதற்கும் காவலர் வேண்டும்.

இவையனைத்தும் உண்மையே. ஆயினும் சான்று திரட்டும் அதிகாரமும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உரிமையும் ஒன்றல்ல. முன்னதைச் சட்டம் வரையறுத்துள்ளது. பின்னது பெரும்பாலும் வழக்கத்தால் வந்தது. வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடலாகாது என்று பாதுகாக்கும் சாட்சியச் சட்டம், மருத்துவரிடம் சொன்னதற்கு அத்தகைய பாதுகாப்பைத் தரவில்லை. 2010ஆம் ஆண்டில் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. ஆகவே அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவனின் இரகசியம் மருத்துவரின் தொழில் அறத்தை மட்டுமே நம்பி நிற்கின்றது. அறம் வலியதே. எனினும் நள்ளிரவில் களைத்துப்போன இளமருத்துவர் ஒருவர் சீருடைக்கு முன்னே தனியே நின்று காக்கும் அளவுக்கு அதனை வலியதாக எதிர்பார்த்தல் பொருந்துமா?

இந்தியாவில் இச்சிக்கல் வேறொரு வடிவில் எழுந்தது. காவல்துறை வழக்காகும் காயத்தைத் தொட அஞ்சி, மருத்துவர் பலர் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட ஒருவர் வழியிலேயே உயிரிழந்த செய்தியின் அடிப்படையில் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், 1989 ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றம் முதலில் உயிரைக் காத்தல், பின்னரே நடைமுறை எனத் தெளிவாகத் தீர்ப்பளித்தது. இவ்வரிசையே தீர்ப்பின் உயிர். எது முந்தியது, எது பிந்தியது என்று அறிதலே அறமாகின்ற இடங்கள் உண்டு. மருத்துவமனை வாயில் அவற்றுள் ஒன்று.

துணையற்றோர் இருவகையினர்

ஐந்தாமவரின் வருகை எல்லாரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. சுற்றத்தார் உள்ளவனுக்கு அது தொல்லை. இல்லாதவனுக்கோ அதுவே விதி. இன்றைய வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அத்தகையோர் இருவகையினர்.

முதல் வகையினர் உரிய ஆவணம் இல்லாத அயல்நாட்டுத் தொழிலாளர். லயங்களில் தமிழர் வாழ்ந்த வீடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும், தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் இன்று வாழ்கின்றனர். 2001ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, ஆவணமின்றிச் சிகிச்சைக்கு வருவோரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் பணித்தது. அதன் விளைவைக் கற்பனையாற் காண வேண்டுவதில்லை. செம்பனைக் குலை விழுந்து தோளெலும்பு முறிந்தவன், மருத்துவமனைக்குச் சென்றால் கட்டிலிலிருந்து தடுப்பு முகாமுக்குச் செல்ல நேரும் என்று அறிந்தால், எண்ணெய் தேய்த்துக் கட்டிக்கொண்டு லயத்திலேயே கிடப்பான். 2020இல் பெருந்தொற்றுக் காலத்திலே ஆவணமற்றோர் அஞ்சாது பரிசோதனைக்கு வரலாம் என்று முதலில் உறுதி கூறப்பட்டது. அவ்வாண்டு மே முதல் நாளன்று கோலாலம்பூரில் தேடுதல் நடந்து நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டபின், அவ்வுறுதியை யார் நம்புவர்? நோய் ஆவணம் பார்த்துப் பரவுவதில்லை. ஆகவே அஞ்சி ஒளிந்தவனின் நோய் அஞ்சாதவனின் வீட்டையும் வந்தடையும்.

இங்கே தமிழ் வாசகர் தம் குடும்ப வரலாற்றை நினைவுகூர்தல் தகும். அடையாளக் கார்டு இன்மையால் பள்ளி வாயிலிலும் மருத்துவமனை முகப்பிலும் தலைகுனிந்து நின்றவர்கள் தோட்டத் தமிழரிடையே இருந்தனர், இன்றும் உள்ளனர். அயலவனின் அச்சம் என்பது சிறிது காலத்துக்கு முன்னைய தம் அச்சமே.

இரண்டாம் வகையினர் காவலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவோர். இவர்களின் காயத்தை விளக்கத் தக்கவர் இவர்கள் மட்டுமே. ஆனால் இவர்களை அழைத்துவந்தவரே அருகில் நிற்கின்றார். 2020 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் கைதான தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிறையிலடைக்கத் தகுந்த உடல்நிலையுடையர் எனச் சான்று பெறப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22, 23 ஆகிய நாட்களில் அடுத்தடுத்து இருவரும் இறந்தனர். மருத்துவச் சான்று என்னும் தாள் காயத்தைக் காட்டவும் வல்லது, மறைக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. கைதானவரின் காயங்களைப் பதிவுசெய்து 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே விதித்திருந்தது. விதி இருந்தது. சோதிக்கும் அறையில் உண்மை பேசத் தக்க தனிமை இருந்ததா என்பதே வினா.

சிலாங்கூர் மாநிலத்திலேயே 2009 ஜனவரி 20ஆம் நாள் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் தடுப்புக்காவலில் இருந்த ஆ. குகன் இறந்தார். முதல் பிணப்பரிசோதனை நுரையீரலில் நீர் தேங்கியதைக் காரணமாகக் கூறியது. உறவினர் செர்டாங் மருத்துவமனைப் பிணவறைக்குள் நுழைந்து உடலைப் பார்த்தனர், படமெடுத்தனர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிகளால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காரணமாகக் காட்டியது. அவருடைய தாய் தொடுத்த வழக்கில் 2013 ஜூன் மாதம் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் காவல்துறையும் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இவ்விடத்தே ஓர் ஐயம் எழும். புண்பட்டவனின் மறைவைக் காத்தல் அறமாயின், குகனின் உடலைப் படமெடுத்து ஊரறியச் செய்தது அவ்வறத்துக்கு மாறாகாதா? புறநானூறு இதற்கு விடை தரும். மகன் புறமுதுகில் புண்பட்டு இறந்தான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியதாய், களத்திற் சென்று சிதைந்த உடலைத் துழாவிக் காணும் காட்சி 278ஆம் பாடலில் உள்ளது. அவளே தேடுகின்றாள், அவளே கண்டு தெளிகின்றாள். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பை ஊடுருவி முதுகிலும் புண்ணாக, நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனும் தன் புண்ணின் பொருளைத் தானே தீர்மானித்தான். காயத்தை வெளியிடும் உரிமை காயம் பட்டவனுக்கும், அவன் பேச இயலாதபோது அவன்மேல் அன்புடையார்க்கும் உரியது. மறைவு என்பது மூடிவைத்தல் அன்று. திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே மறைவு. காவலர் நோயாளியின் வாயைத் திறக்க வைப்பதும், காவலரின் முன்னிலை நோயாளியின் வாயை மூட வைப்பதும் அவ்வுரிமையைப் பறிப்பனவே.

வாயிலில் நின்ற ஒருத்தி

அதிகாரமும் மருத்துவமும் நேருக்குநேர் நின்ற நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2017 ஜூலை 26ஆம் நாள் நடந்தது. காவலர் துரத்திய வண்டி மோதியதால் தீக்காயமுற்ற கனவண்டி ஓட்டுநர் ஒருவர் பல்கலைக்கழக மருத்துவமனையில் உணர்விழந்து கிடந்தார். அவர் குற்றவாளியல்லர். அவரது குருதியை எடுக்க வந்த காவலரிடம் அலெக்ஸ் உபெல்ஸ் என்னும் தாதி, நோயாளியின் இசைவோ, நீதிமன்ற ஆணையோ, அவர் கைதானவர் என்னும் நிலையோ இல்லாது குருதி எடுக்கவிட இயலாது என்று மருத்துவமனையின் விதியைப் படித்துக் காட்டினார். கைவிலங்கிடப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டார். காட்சி வெளியானதும் நாடே அதிர்ந்தது. அக்காவலர் பணிநீக்கம் பெற்றார். தாதிக்கு 5 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. இரவத்தழையும் ஐயவியும் அவர் கையில் இல்லை. ஒரு தாள் இருந்தது. ஆயினும் அவர் செய்தது தொடாக்காஞ்சியே.

அவரால் அவ்வாறு நிற்க முடிந்தமைக்கு அத்தாளே காரணம் என்பது மறக்கலாகாதது. தனியொருவரின் துணிவைப் போற்றுதல் எளிது. துணிவு இல்லாதவரும் காக்கத்தக்க விதியை எழுதிவைத்தல் அதனினும் பயனுடையது. 1999இல் ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் அளிக்கப்பெற்ற இஸ்தான்புல் நெறிமுறை, காவலில் உள்ளவரை மருத்துவர் தனியே சோதிக்க வேண்டும், காவலர் அறைக்குள் இருத்தலாகாது, இருந்தால் அதனை அறிக்கையில் எழுதவேண்டும் என்கின்றது. காவலர் நின்றார் என்று ஒரு வரி எழுதினாலே போதும். அவ்வறிக்கையின் மதிப்பைப் பின்னர் படிப்போர் தாமே அளந்துகொள்வர்.

மலேசியாவில் இத்தகைய முறை இயலாது எனக் கூறுவார்க்கு மலேசியாவே விடை வைத்திருக்கின்றது. குடும்ப வன்முறைச் சட்டம் உருவான 1994ஆம் ஆண்டிலே கோலாலம்பூர் மருத்துவமனையில் அடியுண்ட பெண்களுக்காக ஒரே இடத்தில் எல்லா உதவியும் தரும் நெருக்கடி மையம் தொடங்கப்பட்டது. அங்கே கதவடைத்த ஒரு தனியறை உண்டு. முதலில் மருத்துவம், பின் ஆறுதல் மொழி, அதன்பின் அவளிருக்கும் இடத்துக்கே காவலர் வருதல் என்னும் வரிசை அங்கே வகுக்கப்பட்டது. பின்னர் ஏனைய அரசு மருத்துவமனைகளுக்கும் இம்முறை பரவியது, பிற நாடுகளும் இதனைக் கண்டு மேற்கொண்டன. பரமானந்த் கட்டாரா தீர்ப்பு கூறிய அதே வரிசைமுறை இது. ஒருவகைப் புண்பட்டோர்க்கு இவ்வளவு செவ்விதாக அமைக்கத் தெரிந்த நாடு, வெட்டுண்ட தொழிலாளிக்கும் விலங்கிட்ட கைதிக்கும் ஆவணமற்ற அயலவனுக்கும் அதே கதவை ஏன் அடைத்துக் கொடுத்தல் ஆகாது? இது பொருட்செலவைப் பற்றிய வினாவன்று. எவரை அகத்துக்கு உரியராக மதிக்கின்றோம், எவரைப் புறத்துக்கு மட்டுமே உரியராக ஒதுக்குகின்றோம் என்பதைப் பற்றிய வினா.

இலக்கியத்துக்குரிய பங்கு

இப்பொருளில் எழுத்தாளரும் குற்றமற்றவரல்லர். தோட்ட வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்ட புனைவுகளில் காயம் பெரும்பாலும் கதையின் திருப்பமாகவே பயன்படுகின்றது. வெட்டு விழுகின்றது, ஆம்புலன்ஸ் வருகின்றது, காவலர் வருகின்றார், கதை முடிகின்றது. கட்டிலில் கிடப்பவன் அவ்விரவு என்ன சொல்ல விரும்பினான், யார் நின்றதால் சொல்லாது விட்டான் என்னும் இடத்துக்குள் எழுதுகோல் நுழைவது அரிதாகவே உள்ளது. செய்தித்தாள்களோ குருதி படிந்த முகத்தையும் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒருங்கே அச்சிடத் தயங்குவதில்லை. பெயர் சுட்டாமை என்னும் அகத்திணை விதியை வகுத்த மொழியின் பிள்ளைகள், அவ்விதியின் உட்பொருளைத் தேர்வுத்தாளில் மட்டும் நினைவில் வைத்திருப்பது முறையாகாது.

தொடாக்காஞ்சியை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், அதனைப் பேய் நம்பிக்கை நிலவிய காலத்துப் பழங்கதை எனக் கூறிக் கடந்துவிடுதல் எளிது. துறைப்பெயரை மனனம் செய்த மாணவன் மதிப்பெண்ணும் பெறுவான். ஆனால் அம்மாணவனின் தந்தை என்றேனும் கோல குபு பாரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கிடக்க நேரலாம். அன்று திரைச்சீலைக்கு வெளியே நின்று, மருத்துவர் முதலில் பார்க்கட்டும், அவர் பேசக்கூடிய நிலையில் தனியே பேசட்டும், பின்னர் நீங்கள் கேட்கலாம் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனைச் சொல்லத் தெரிந்தவனே அத்துறையைக் கற்றவன்.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் நான்காமவர் அருகிருந்து துணைசெய்பவர். ஐந்தாமவர் வந்து நிற்கும் இக்காலத்தில் அந்நான்காமவர்க்கு மேலும் ஒரு கடமை சேர்ந்துள்ளது. மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு, வாயிலையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.